அப்பாவைத் தங்கவைத்த மீன்கள்

அம்மா போன பிறகு அம்பகரத்தூர் வீட்டில் அப்பா தனியாகத்தான் இருந்தார். நான் ஒரே பெண். காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் எங்கள் வீடு. பஸ் ஏறினால் வந்துவிடலாம். "எங்களோட வந்து இருங்கப்பா" என்று நானும் சொல்லாத நாளில்லை, என் வீட்டுக்காரரும் சொல்லாத நாளில்லை. வருவார். காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். "பொண்ணு குடுத்த வூட்டுல போயி உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தா நாலு பேரு என்னா பேசுவாங்க பாப்பா?" என்பார். "அந்த நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவங்களுக்கும் சேத்து வடிச்சுக் கொட்டுறேன்" என்று நான் கத்துவேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரியில் சமைக்காமல் எதையோ கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா போன் போட்டுச் சொல்லும். அப்படிச் சொன்ன மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான். ஒரு வாய் சோற்றுக்கு வீம்பு பிடிக்கிற மனிதரை என்ன செய்வது? கையைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டா வர முடியும்?

அவரைத் தங்கவைத்தது நானும் இல்லை, என் சமையலும் இல்லை. ஹாலில் இருந்த மீன் தொட்டி.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அரசாங்க வேலை, சாயங்காலமானால் வீடு, வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சென்னையில் ஏதோ ஒரு கடையில் பார்த்துவிட்டு வந்தார், அவ்வளவுதான். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. உள்ளே மணல், பாறை, பாறை மேல் பண்ணையில் வளர்த்தது என்று சொல்லி விற்ற மெல்லிய பவளங்கள், தலைக்கு மேல் நீல விளக்கு. "கடல் கூப்பிடு தூரத்துல கெடக்கு. அதை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சு அதுக்குக் கரண்டு பில்லு வேற கட்டணுமா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவரிடம் எதைக் கேட்டாலும் முதல் தடவை பதில் வராது.

மற்ற ஊர்க்காரர்கள் இதற்கென்று உப்புப் பொடி வாங்கித் தண்ணீரில் கரைப்பார்களாம். எங்களுக்கு என்ன தலையெழுத்தா? கோட்டுச்சேரிமேட்டில் தெரிந்த படகுக்காரர் ஒருவர், கரையோரக் கலங்கலைத் தாண்டிப் போய்க் கேனில் மொண்டு வந்து தருவார். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு கேன், பின்னால் ஒரு கேன் என்று என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கடத்திக்கொண்டிருந்தார்.

அப்பா முதலில் அதைப் பார்த்துவிட்டு, "இதுல கொழம்புக்குத் தேறுமா மாப்ள?" என்றுதான் கேட்டார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்களையோ, நீலமாகத் துள்ளும் மீன்களையோ அவர் மதிக்கவே இல்லை. அந்த ஜோடி வந்த பிறகுதான் கதை மாறியது. விரல் நீளத்துக்கு ஒரு மீன், அதோடு ஒரு சின்ன இறால். இரண்டும் ஒரே வளையில் குடித்தனம். இறால் ஓயாமல் மண்ணை வெட்டி வெளியே தள்ளும். மீன் வாசலில் நின்று காவல் காக்கும். இறாலுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது என்றும், அதனால் வெளியே வரும்போதெல்லாம் தன் நீள மீசை ஒன்றை மீனின் மேல் வைத்தபடியேதான் வேலை செய்யும் என்றும் என் வீட்டுக்காரர் விளக்கினார். ஆபத்து வந்தால் மீன் வாலை உதறும். மீசை வழியாகச் சேதி போய்விடும். இரண்டும் உள்ளே ஓடிவிடும்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "யம்மாடி, என்னா வெட்டு வெட்டுறான் பாரு பாப்பா. ஒரு காப்பித்தண்ணி கேக்குறானா? ஒரு பீடி கேக்குறானா?" என்றார். இறாலுக்கு மம்பட்டிக்காரன் என்றும் மீனுக்குக் காவக்காரன் என்றும் அன்றைக்கே பேர் வைத்தாகிவிட்டது. வெயில் தாழ்ந்தது. சட்டை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "கடைசி பஸ்ஸு போயிருமேப்பா" என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். "போனா போவுது. நாளைக்குள்ள அந்தப் பாறைக்கு அடியில பூந்துருவானான்னு பாத்துட்டுப் போறேன்" என்றார். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் தங்க ஆரம்பித்தார். ஒரு நாள் இரண்டு நாளாகி, இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. வயல் வேலைக்கு ஊருக்குப் போனாலும் முடிந்த கையோடு திரும்பி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "சும்மா உக்காந்து சாப்புட மாட்டேன். என் வயல் அரிசியை நான் கொண்டாருவேன். அதைத்தான் நீ வடிக்கணும். சம்மதம்னா இருக்குறேன்." என் வீட்டுக்காரர் சங்கடப்பட்டார். நான் உடனே சரி என்றேன். அவர் அரிசியை அவரே சாப்பிட்டுக்கொள்ளட்டுமே. என் கண் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டால் போதாதா எனக்கு? நெல்லை அரைத்து மூட்டையாகக் கட்டி, ஊரிலிருந்து வருகிற ஏதாவது ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். எங்கள் ஸ்டோர் ரூமில் மூட்டையை நிறுத்துவது, பிரிப்பது, முறத்தில் புடைத்து வெயிலில் காட்டி டப்பாவில் கொட்டுவது எல்லாம் அவர் வேலை. என்னை மூட்டைப் பக்கமே விடமாட்டார். அந்த வேலை இருந்ததால்தான் அவரால் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடிந்தது.

அப்பாவுக்குக் கட்டில் ஹாலில், தொட்டிக்குப் பக்கத்தில். தண்ணீருக்குள் காற்றை அனுப்புகிற சின்ன மோட்டார் ஒன்று தொட்டிக்குக் கீழே ராப்பகலாக ஙொய் என்று கத்திக்கொண்டிருக்கும். அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் விடிந்து பார்த்தால் கட்டிலை விட்டு வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருப்பார். "மனுசன் தூங்க வேணாமா? அந்தச் சனியனைத் தூக்கி ஸ்டோர் ரூம்ல வைங்க" என்று என் வீட்டுக்காரரை விரட்டினேன். சுவரில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, குழாயை அந்த வழியாக விட்டு, மோட்டாரை அடுத்த பக்கம் ஸ்டோர் ரூமில் வைத்தார். அதன் பிறகு ஹாலில் சத்தமே இல்லை. அப்பா நன்றாகத் தூங்கினார்.

முதலில் செத்தது மஞ்சள் மீன். காலையில் பாறை இடுக்கில் மல்லாந்து கிடந்தது. உடம்பில் புள்ளி இல்லை, புண் இல்லை, செதில்கூட உதிரவில்லை. முந்தின நாள் நன்றாகத்தான் இரை எடுத்தது. அடுத்து ஒரு நீல மீன். அதற்கடுத்து இன்னொன்று. என் வீட்டுக்காரர் அலுவலகம் விட்டு வந்ததும் வராததுமாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீரை மொண்டு, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்க்க உட்கார்ந்துவிடுவார். உப்பு சரியாக இருந்தது. சூடு சரியாக இருந்தது. மீன் கழிவில் சேருமே அந்த அமோனியா, அதுவும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் மீன் மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

கடல் தண்ணீரில்தான் கோளாறு என்று ஒரு வாரம் ஓடியது. படகுக்காரர் சோம்பல்பட்டு முகத்துவாரத்துப் பக்கம் மொண்டு கொடுத்திருப்பாரோ என்று சந்தேகம். அந்த மனிதர் நேரில் வந்து, "ஏங்க, நான் கழிமுகத்துத் தண்ணிய மொண்டு குடுப்பேனாங்க?" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். சென்னைக் கடைக்காரர் சொன்னபடி உப்புப் பொடியை வரவழைத்துத் தண்ணீரை மாற்றிப் பார்த்தோம். அப்போதும் செத்தது.

பிறகு பழி என் பக்கம் திரும்பியது. நான் தரை துடைக்கிற பினாயில், நான் ஏற்றுகிற ஊதுபத்தி, கொசுவுக்குச் செருகுகிற மருந்து, என் தலையில் தடவுகிற எண்ணெய்கூட விசாரணைக்கு வந்தது. "எண்ணெய்க் கையோட இரை போட்டியா?" என்று கேட்டார். "ஆமா, தொட்டிக்குள்ள இறங்கித் தலை முழுகினேன்" என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் பினாயிலை நிறுத்தினேன், ஊதுபத்தியை நிறுத்தினேன், கொசுக்கடியில் புரண்டு புரண்டு படுத்தேன். காரைக்கால் கொசு எப்படிப்பட்டது என்று இங்கே படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாம் மீனுக்காகவா? எனக்கு மீன் என்ன மாமனா மச்சானா? தொட்டி காலியானால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாரே என்ற பயம்தான்.

நடுவில் கொஞ்ச நாள் சாவு நின்றிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். என் வீட்டுக்காரர் புதிதாக இரண்டு மீன் வாங்கி விட்டார். அப்பா ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, புதுசில் ஒன்று மிதந்தது.

அதை முதலில் கவனித்தது அப்பாதான். "பாத்தியா பாப்பா, நான் இல்லாதப்ப ஒண்ணுஞ் சாவல. நான் வந்து காலை வச்சேன், போச்சு. என் ராசி அப்புடி" என்றார். "ராசியாவது மண்ணாவது. மூட நம்பிக்கை பேசாம சாப்புடுங்க" என்று அதட்டினேன். "இல்லம்மா, போன தடவையும் இப்புடித்தான்" என்று இழுத்தார். அடுத்த முறை ஊரிலிருந்து காளி கோயில் குங்குமம் கொண்டு வந்து தொட்டி வைத்திருந்த மேசைக் காலில் இட்டார். குங்குமம் தண்ணீரில் விழுந்துவிடப்போகிறதே என்று என் வீட்டுக்காரர் பதறினார். நான் அவரை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். அந்த முறையும் இரண்டு மீன் போயிற்று.

அப்பா சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. அவர் வந்த பிறகுதான் சாகிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு வருஷமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், ராசி என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் அதற்குப் பின்னால் இருந்த கணக்கையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். சென்னைக் கடைக்காரர் போனில், "வீட்டுல புதுசா ஏதாச்சும் வந்திருக்கா சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று பலமுறை கேட்டார். பெயின்ட் அடித்தோமா, மேசை நாற்காலி வாங்கினோமா, பூச்சி மருந்து தெளித்தோமா என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். ஒன்றுமே இல்லை என்றுதான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னோம். அரிசி மூட்டையை யாராவது புதுசு என்று நினைப்பார்களா?

ஒரு காலையில் காவக்காரன் செத்துப்போயிற்று.

என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் வலையில் அள்ளி எடுத்துவிட்டார். ஆனால் இறாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டு வளை வாசலுக்கு வந்தது. மீசையை நீட்டி இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. உள்ளே போயிற்று. மறுபடி வந்து தடவியது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறிப்போயிற்று. "தேடுறான் பாப்பா" என்று ஒருமுறை சொன்னார். அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. "இன்னொரு காவக்காரனை வரவழைச்சுத் தரேன் மாமா" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். "அது எப்புடிங்க மாப்ள அதே மாதிரி ஆவும்?" என்றார் அப்பா.

அவர் ஊருக்குப் போகிற பேச்சை எடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அன்று சாயங்காலம் அவருக்குப் பிடித்த பூண்டுக் குழம்பு வைக்கலாம் என்று போனால் வீட்டில் ஒரு பல் பூண்டு இல்லை. "கடைக்குப் போயி பூண்டு வாங்கிட்டு வாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஸ்டோர் ரூமில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இங்கதான் பூண்டு நாத்தம் மூக்கைத் துளைக்குதே. கூடையில நல்லா பாரு" என்றார்.

உள்ளே போனேன். வெங்காயக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சருகுகூட இல்லை. ஆனால் வாசனை இருந்தது. எத்தனையோ நாளாக அந்த அறையில் அந்த வாசனையை நான் முகர்ந்துகொண்டுதான் இருந்தேன். பூண்டு இருக்கிற அறையில் பூண்டு மணக்காமல் மல்லிகையா மணக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது பூண்டே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அறையில் ஒவ்வொரு சாமானாக மோந்துகொண்டே போனோம். முந்தின நாள் அப்பா ஊரிலிருந்து கொண்டு வந்த மூட்டையில் போய் நின்றது மூக்கு. அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் அந்த மோட்டார், அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

"அப்பா, இந்த மூட்டையில அரிசியைத் தவிர வேற என்ன இருக்கு?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

நான் அந்தக் கேள்வியை அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டாம். அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து நாங்களே பிரித்துப் பார்த்திருக்கலாம். எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல் உடனே கேட்டுவிடுகிற வாய் எனக்கு.

அப்பா எழுந்து வந்தார். அவருடைய மூட்டையைப் பற்றிக் கேட்டதில் முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. வாயைப் பிரித்து, கையை முழங்கை வரை அரிசிக்குள் விட்டு, துணியில் கட்டிய சின்ன முடிச்சு ஒன்றை எடுத்துக் காட்டினார். "வண்டு மாத்திரைம்மா. நெல்லு மூட்டைக்கு வைப்பமே, அதுதான். ஒனக்கு வண்டு புடிச்ச அரிசியக் குடுப்பனா? மொதல் தடவையிலேருந்து வைக்கிறேன். பிரிக்கிறப்ப எடுத்து வீசிட்டு நல்லா வெயில்ல காட்டிருவேன். அதுக்குத்தான் ஒன்னை மூட்டைகிட்ட விடுறதில்ல."

என் வீட்டுக்காரர் அதற்குள் சென்னைக்குப் போன் போட்டுவிட்டார். கையில் மோட்டார் அழுக்கு. அதனால் போனை அலமாரியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் கத்தினார். "சார், மொதல்ல அதை வெளிய கொண்டு போங்க. கதவு ஜன்னலை எல்லாம் தொறங்க. காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே அதுலேர்ந்து பூண்டு நாத்தத்தோட விஷ வாயு வரும் சார். உங்க மோட்டார் அதை அப்படியே தண்ணிக்குள்ள அனுப்பிருக்கு. மீனை விடுங்க, மனுஷங்களுக்கே உயிர் போற விஷயம் இது. வீட்டுல யாருக்காவது தலைவலி, வாந்தி, மயக்கம் ஏதாச்சும் இருந்துச்சா?"

"எனக்குத்தான் கொஞ்ச நாளா தலைவலி" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

அந்தத் தலைவலி மாத்திரையால் வந்ததா, பரீட்சைப் பேப்பர் திருத்தியதால் வந்ததா என்று சாமிக்குத்தான் தெரியும். பரீட்சை நேரத்தில் எனக்கு எப்போதும் வருவதுதான். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லை, ஒன்றுமே இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனை பொய் சொல்கிறோம் வாழ்க்கையில், ஒன்றுக்கும் உதவாத பொய்யாக! சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வரவில்லை.

அப்பா அந்த முடிச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினார். ஜன்னல்களைத் திறந்தோம், மூட்டையை வெளியே இழுத்துப் போட்டோம். அப்பா ஹாலுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். இறால் வாசலுக்கு வந்து மீசையால் துழாவிக்கொண்டிருந்தது. "அப்ப நாந்தானா பாப்பா?" என்று கேட்டார்.

"நீங்க என்னாப்பா செஞ்சீங்க? மோட்டாரைக் கொண்டு போய் அங்க வைக்கச் சொன்னது நான். அது அங்க இல்லாட்டி மீனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன்.

"நான் மீனைச் சொல்லல" என்றார்.

என் வீட்டுக்காரர் வந்து, தெரியாமல் நடந்தது என்றும், இனிமேல் மாத்திரை இல்லாமல் கொண்டு வந்தால் போதும் என்றும், தொட்டியைப் பழையபடி மீன்களால் நிறைத்துவிடலாம் என்றும் என்னென்னவோ சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பூண்டு இல்லாத குழம்பைச் சாப்பிட்டார். கட்டிலில் படுத்தார். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "ஒரெட்டு ஊருக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றார். ஊருக்குப் போகிறேன் என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து தங்கவே இல்லை. நான் போய்க் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் போய்க் கூப்பிட்டார். நான் அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். "ஒங்க ஆயிசு நல்லா இருக்கணும். நான் இங்கயே கெடக்குறேன்" என்று ஒரே பதில். தொட்டி இப்போது நன்றாக இருக்கிறது. மோட்டார் மறுபடி ஹாலில்தான் கத்துகிறது. அந்தப் பக்கம் படுக்கத்தான் ஆளில்லை. மம்பட்டிக்காரனுக்குப் புதிதாக ஒரு காவக்காரன் வந்து, கொஞ்ச நாள் தயங்கி, பிறகு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்க்க வாங்கப்பா என்று சொன்னேன். "அப்புடியா, நல்லது" என்றார். அவ்வளவுதான்.

சில சமயம் என் வீட்டுக்காரரிடம், "நீங்க அன்னைக்கு மோந்து பாக்காம இருந்திருக்கலாம்" என்பேன். அப்படிச் சொல்வது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். அந்த மூட்டை இன்னும் கொஞ்ச நாள் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. கண்டுபிடித்தது நல்லதுதான். நல்லது நடந்ததற்கு இப்படி வருத்தப்படுகிறவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தினமும் சாயங்காலம் அப்பா போன் செய்கிறார். மீனைப் பற்றிக் கேட்பதில்லை, அரிசியைப் பற்றிப் பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்றுகூட முதலில் கேட்பதில்லை. "தலை வலிக்குதா பாப்பா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். இல்லைப்பா என்றால் ஒரு பெருமூச்சு கேட்கும். ஒருநாள் அசதியில், லேசாக வலிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். போனை வைத்து நான் குளித்துவிட்டு வருவதற்குள் யாரோ ஒருவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கிவிட்டார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உள்ளே வந்து ஜன்னல்களை எல்லாம் திறந்தார். ஸ்டோர் ரூமில் மூலை மூலையாக மோந்து பார்த்தார். பிறகு என் நெற்றியில் கை வைத்தார். வலி விட்டுவிட்டது என்று நான் எத்தனை முறை சொல்லியும் நம்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நம்பியதும் கிளம்பிவிட்டார்.

இப்போதும் பேப்பர் திருத்துகிற நாட்களில் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். அப்போது பார்த்துப் போன் அடிக்கும். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். "இல்லப்பா, வலிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறேன்.